சாவியைப் பிடுங்கிய மகனும் சிவந்த கட்டைவிரலும்: வாசகர் கேள்வி – பதில்

‘ஐம்பது தாண்டியவர்களின் கண்ணைப் பற்றியும் கை வேகத்தைப் பற்றியும் கேட்கலாம்’ என்று போன இதழில் ஒரு வரி போட்டதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பாதிக்கு மேல் மாமியார், மாமனார், அப்பாவைப் பற்றிய புகார்தான். பேர் போட்டால் வீட்டில் சண்டை வரும், ஆகவே ஊர் மட்டும்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு என்னைப் பற்றி: மருத்துவக் கல்லூரியில் 31 வருஷம் உடலியங்கியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள். ஊர் மதுரை, வயது 69. இடது கண்ணில் புரை எடுத்து மூன்று வாரம் ஆகிறது, வலது கண் அடுத்த மாதம். நான் கண் டாக்டர் இல்லை. சொட்டு மருந்து பேர் கேட்டு எழுதிய ஏழு பேரும் மன்னிக்க வேண்டும்.

எனக்கு 66 வயது. நாற்பது வருடமாக வண்டி ஓட்டுகிறேன், ஒரு கீறல் கிடையாது. போன மாதம் பொழுது சாயும் நேரத்தில் ஆட்டுக்குட்டி ஒன்று குறுக்கே பாய்ந்தது. பிரேக் பிடிப்பதற்குள் வண்டி சாய்ந்துவிட்டது. முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அன்றைக்கே மகன் சாவியை வாங்கி பீரோவில் பூட்டிவிட்டான். கண் டாக்டரோ கண்ணாடியோடு 6/6 என்கிறார். பிறகு இவன் யார் தடுக்க? — திண்டுக்கல் வாசகர்

உங்கள் மகன், ஐயா. பீரோவில் பூட்டியது அதிகப்படி, பயந்தது அதிகப்படி இல்லை.

அந்த 6/6 எதைச் சொல்கிறது என்று பார்ப்போம். நல்ல வெளிச்சத்தில் வெள்ளைப் பலகை, அதில் கன்னங்கரேல் என்று எழுத்து. எழுத்து நகராது. நீங்களும் கண்ணைச் சுருக்கி, யோசித்து, ‘ஈ... இல்லை, எஃப்’ என்று சொல்லலாம். ஆட்டுக்குட்டி அப்படிக் காத்து நிற்காது. லைசென்ஸ் விண்ணப்பத்தோடு நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் உறுதிமொழிப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். 25 மீட்டர் தூரத்தில் உள்ள கார் நம்பர் பிளேட் ‘நல்ல பகல் வெளிச்சத்தில்’ தெரிகிறதா என்றுதான் அதில் கேள்வி. சாயங்காலம் ஆறரை மணிக்கு, எதிரே லாரிக்காரன் டிம் அடிக்காமல் வரும்போது என்ன தெரிகிறது என்று யாரும் கேட்பதில்லை. என்னையும் கேட்கவில்லை.

உங்கள் கண்ணுக்குள் என்ன நடந்திருக்கிறது? இருபது வயதில் இருட்டில் கண்ணின் பாவை, அதாவது வெளிச்சம் உள்ளே நுழையும் துளை, 7 மில்லிமீட்டர் வரைகூட விரியும். நம் வயதில் 4, 5 வந்தாலே பெரிது. அதற்குப் பின்னால் இருக்கும் லென்ஸ் வேறு வருஷத்துக்கு வருஷம் மஞ்சளடித்துப் போகிறது. இரண்டையும் கூட்டிப் பார்த்தால், இருபது வயதுக்காரனின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரருக்குப் போகிறது. பட்டப்பகலில் இது தெரியாது, ஏனென்றால் வெயில் தேவைக்கு மேல் கொட்டிக் கிடக்கிறது. பொழுது சாய்ந்ததும் உங்களுக்குத் தெரியாமலே ஒரு கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டுகிறீர்கள்.

வெளிச்சம் குறைந்தால் மங்கலாகத் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். தாமதமாகவும் தெரியும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. விழித்திரை வெளிச்சத்தைச் சேர்த்துவைத்துத்தான் மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. வரும் வெளிச்சம் கொஞ்சமாக இருந்தால் சேர்க்க நேரம் பிடிக்கும், செய்தியும் பிந்தும். தண்ணீர் சன்னமாக வந்தால் குடம் நிறைய நேரமாகிறதே, அப்படி.

செய்தி வந்த பிறகு இன்னொரு வேலை இருக்கிறது: இது நாயா, ஆடா, காற்றில் பறக்கும் பாலிதீனா? பிரேக்கா, ஒதுங்குவதா, ஒதுங்கினால் எந்தப் பக்கம்? நெதர்லாந்தில் டோண்டர்ஸ் என்பவர் 1868-லேயே இதை அளந்து எழுதிவிட்டார். ஒரே சைகைக்கு ஒரே பதில் என்றால் கை சீக்கிரம் போகிறது. பல சைகை, ஒவ்வொன்றுக்கும் வேறு பதில் என்றால் தேர்ந்தெடுக்கும் நேரம் தனியாகச் சேருகிறது. வயது கூடக் கூட முதல் வகை கொஞ்சமாகத்தான் மெதுவாகும். இரண்டாவது வகைதான் நன்றாக இழுக்கும். நம் ஊர் ரோட்டில் முதல் வகை எங்கே இருக்கிறது?

எல்லாம் சேர்ந்து அரை நொடி பிந்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 11 மீட்டர் போகிறது. அரை நொடிக்கு ஐந்தரை மீட்டர். அந்த இடத்தில் குட்டி, தாய் ஆடு, மேய்க்கிறவர் மூவரும் நிற்கலாம். 25-இல் போனால் அதே அரை நொடி மூன்றரை மீட்டராகிறது.

எனவே மகனிடம் இப்படிப் பேசுங்கள்: சாவி என்னிடம் இருக்கட்டும், சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் வண்டியைத் தொட மாட்டேன், பைபாஸில் வலது பக்கம் திரும்பும் வேலை வைத்துக்கொள்ள மாட்டேன். கண் டாக்டரிடமும் மறுபடி போங்கள். ‘எழுத்து தெரிகிறது, ஆனால் ராத்திரி எதிர்வண்டி வெளிச்சம் கூசுகிறது, கூசின பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் தெரியவில்லை’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். 6/6 இருக்கும்போதே புரை ஆரம்பித்திருக்கலாம். நாம் சொன்னால்தான் அவர்களுக்கு அந்தப் பக்கம் பார்க்கத் தோன்றும்.

பிளஸ் டூ படிக்கிறேன். மொபைல் கேமில் தாத்தா என்னிடம் ஒரு நிமிடம்கூடத் தாங்குவதில்லை. ரியாக்‌ஷன் டைமை வீட்டிலேயே அளக்க வழி உண்டா? தாத்தா எதிலாவது என்னை ஜெயிப்பாரா? — சேலம் வாசகர்

உண்டு தம்பி. முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்று போதும். தாத்தா கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் லேசாகத் திறந்து வைக்கட்டும். நீ ஸ்கேலின் ‘பூஜ்யம்’ அந்த விரல்களுக்கு நடுவே இருக்கும்படி மேலே பிடித்துக்கொண்டு, சொல்லாமல் விடு. பிடித்த இடத்தின் சென்டிமீட்டரை 490-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் நொடி வரும். 15 என்றால் 0.17 நொடி சொச்சம், 20 என்றால் 0.20, 30 என்றால் 0.25. ஒரு தடவை பிடித்துவிட்டுக் குதிக்காதே. பத்துத் தடவை எடுத்து சராசரி பார்.

இதில் ஒரு திருட்டு இருக்கிறது. வருஷாவருஷம் முதலாண்டு பிள்ளைகளுக்கு இந்தச் சோதனையை நடத்துவேன். பதினெட்டு வயதுக்காரர்கள், பெரும்பாலும் 16-இலிருந்து 20 செ.மீ.க்குள் பிடிப்பார்கள். ஒரு வருஷம் எங்கள் லேப் அட்டெண்டர், 57 வயது, ஓய்வு பெறப் போகிறவர், “நானும் ஒரு கை பாக்குறேம்மா” என்று வந்து நின்றார். நாலு சென்டிமீட்டரில் பிடித்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். மறுபடி நாலரை. கணக்குப் போட்டால் 0.09 நொடி. மனிதனால் ஆகாது. ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு 0.1 நொடிக்குள் கிளம்பினாலே, சத்தத்துக்கு முன்பே கிளம்பியதாக வைத்து வெளியேற்றிவிடுவார்கள்.

ஸ்கேலைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை. கடைசியில் அவரே சொன்னார்: “நீங்க அழுத்திப் பிடிச்சிருக்கும்போது கட்டைவிரல் நகம் வெளுத்திருக்கும்மா. விடப்போறதுக்கு முன்னாடி அது சிவக்கும். நான் ஸ்கேலைப் பாக்கவே இல்லை.” என் கைமேல் ஒரு கைக்குட்டையைப் போட்டு மூடிவிட்டு மறுபடி விட்டேன். 24 சென்டிமீட்டர். 0.22 நொடி. அவர் வயதுக்கு அது நல்ல அளவுதான்.

இருபது வருஷமாக நான் ஸ்கேல் விடுவதை ஓரமாக நின்று பார்த்தவர் அவர். வேகம் என்று நாம் நினைப்பதில் பாதி இந்த மாதிரி முன்கூட்டியே மோப்பம் பிடிப்பதுதான். 140 கிலோமீட்டர் வேகப் பந்து மட்டையாளரிடம் வர சுமார் அரை நொடி. மட்டையாளர்கள் பந்தைக் கண்ணால் கடைசிவரை துரத்துவதில்லை. எங்கே குத்தும் என்று கணித்து, அந்த இடத்துக்குக் கண்ணை முன்னாலேயே அனுப்பிவிடுகிறார்கள். லேண்ட், மெக்லியட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000-இல் தலையில் கேமராவை மாட்டிவிட்டு இதைக் காட்டினார்கள். நன்றாக ஆடுகிறவர் சீக்கிரம் அனுப்புகிறார், சுமாரானவர் பிந்தி அனுப்புகிறார்.

தாத்தா ஜெயிக்கும் இடம் ஒன்று நிஜமாகவே இருக்கிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2005-இல் செய்த சோதனை. திரையில் கறுப்பு வெள்ளைக் கோடுகள் கண்ணிமைக்கும் நேரம் ஓடும். எந்தப் பக்கம் ஓடின என்று சொல்ல வேண்டும். கோடுகள் தெரியும் வட்டம் சின்னதாக இருந்தபோது இளசுகளுக்குச் சுலபம். வட்டத்தைப் பெரிதாக்கி, கறுப்பும் வெள்ளையும் பளிச்சென்று வைத்தபோது முதியவர்கள் இளசுகளைவிடக் குறைந்த நேரத்தில் சொல்லிவிட்டார்கள். உன் மூளை, பெரிதாக நகர்கிற எதையும் ‘இது பின்புலம், விடு’ என்று அமுக்கிவிடுகிறது. வயதாகும்போது அந்த அமுக்கும் வேலை தளர்கிறது, அதனால் அவர்களுக்கு அது அப்படியே தெரிகிறது. ஜெயிப்பு என்று ரொம்பவும் கொண்டாட முடியாது. பின்புலத்தை அமுக்க முடியாதவருக்கு, தேர்த் திருவிழாக் கூட்டத்தில் பேரனைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். திண்டுக்கல்காரரின் ஆட்டுக்குட்டியையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம்.

மொபைல் கேமில் தாத்தாவோடு மோதாதே. கேரம் போர்டை எடு.

நாற்பது வருடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தினேன். வயது 70. இன்றைக்கும் மெஷினில் உட்கார்ந்தால் மாணவர்களுக்குச் சமமாக அடிப்பேன். ஆனால் மொபைலில் ஓடிபி அடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. கை ஒன்றுதானே, இது என்ன மாயம்? — திருச்சி வாசகர்

உங்கள் கேள்வியைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். ஏனென்றால் சால்ட்ஹவுஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் டைப்பிஸ்டுகளை வைத்தே இதை ஆராய்ந்து 1984-இல் எழுதியிருக்கிறார். 19 வயதிலிருந்து 72 வரைக்கும் ஆட்கள். ஓர் எழுத்து தோன்றியதும் அதற்கான பட்டனைத் தட்டு என்றால் வயதானவர்கள் பின்தங்கினார்கள். பத்தி ஒன்றைக் கொடுத்து அடிக்கச் சொன்னால் வயது வித்தியாசமே தெரியவில்லை. எப்படி என்று பார்க்க, திரையில் அடுத்து வரும் எழுத்துகளை மறைத்து, ஒன்றிரண்டை மட்டும் காட்டினார். உடனே பெரியவர்களின் வேகம்தான் அதிகமாக விழுந்தது. அவர்கள் கை ஓர் எழுத்தில் இருக்கும்போது கண் இன்னும் தள்ளிப் போய் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறது. கை மெதுவாவதற்குக் கண்ணை முன்னே அனுப்பி ஈடுகட்டிவிட்டார்கள், தாங்களே அறியாமல்.

‘தாளைப் பார், கீயைப் பார்க்காதே’ என்று நீங்கள் எத்தனை ஆயிரம் பிள்ளைகளின் தலையில் குட்டியிருப்பீர்கள்! அதேதான் இது.

எங்கள் ஊரில் அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-இல் பதினொரு படுக்கையோடு தொடங்கிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமிக்கு முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயிருந்தன. அந்த விரல்களோடு அவர் செய்த கண் ஆபரேஷன்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். பழகின கை எதையெதையோ வைத்து ஈடுகட்டும்.

ஓடிபியில் முன்னே அனுப்ப ஒன்றும் இல்லை. ஆறு எண்களுக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் கிடையாது. மெசேஜ் மேலே வந்து மறைகிறது, எழுத்து பொடி, வெள்ளெழுத்துக் கண்ணாடி எங்கேயோ இருக்கிறது, கட்டம் வேறு பக்கத்தில் திறக்கிறது. அனுபவத்தை உள்ளே விடாமல் வெறும் வேகத்தை மட்டும் அளக்கும் ஏற்பாடு இது. என் வங்கி ஏடிஎம்மில், நான் கைப்பையிலிருந்து கண்ணாடி எடுத்து மாட்டுவதற்குள் கார்டைத் துப்பிவிட்டு ‘நேரம் முடிந்தது’ என்றது. பின்னால் நின்ற பையன் “பாட்டி, நான் எடுத்துத் தரட்டுமா” என்றான். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. பையன் மேல் இல்லை, மெஷின் மேல்.

போனில் எழுத்தளவைப் பெரிதாக்குங்கள். எண்ணை மூன்று மூன்றாகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே அடியுங்கள். ஒன்று கூடச் சொல்கிறேன்: அடித்ததை மூன்று முறை சரிபார்க்கிறீர்களா? ஜெர்மனியின் ஹைடல்பெர்க் ஆய்வாளர்கள் பத்து லட்சத்துக்கும் அதிகமானோரின் பதில் நேரங்களை அலசி 2022-இல் வெளியிட்டதில், தகவலைப் புரிந்துகொள்ளும் வேகம் அறுபது வரை பெரிதாகக் குறைவதே இல்லை என்று வந்தது. அதுவரை தெரியும் தாமதத்துக்கு, தப்பு வரக் கூடாது என்ற நிதானம் ஒரு காரணம், கைகால் அசைவது இன்னொன்று. எழுபதில் உங்களுக்கு மூன்றுமே கொஞ்சம் இருக்கலாம். அந்த நிதானத்தையாவது ஓடிபிக்கு மட்டும் கொஞ்சம் விடுங்கள். தப்பானால் இன்னொன்று அனுப்புவான். ஓடிபியை வேறு யாராவது போனில் கேட்டால் மட்டும் உங்கள் முழு நிதானத்தையும் காட்டுங்கள்.

புது ஃப்ளாட்டுக்கு வந்ததிலிருந்து மாமியார் (74) படியிறங்கும்போது கடைசிப் படியை விட்டுவிடுகிறார். சில சமயம் இல்லாத படிக்குக் காலை வைக்கிறார். பழைய வீட்டில் இப்படி இல்லை. இங்கே வரப் பிடிக்காமல் வேண்டுமென்றே செய்கிறாரோ? — காரைக்குடி வாசகி

இல்லையம்மா. உங்கள் படி என்ன நிறம் என்று நீங்களே கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறீர்கள்: ‘பாலிஷ் போட்ட கறுப்பு கிரானைட்’. அங்கேதான் வினை.

கண் பார்வை என்றால் பொடி எழுத்து வாசிப்பது மட்டுமில்லை. பக்கத்துப் பக்கத்து நிறங்களைப் பிரித்துப் பார்ப்பது தனித் திறமை, வயதானால் அதுவும் குறையும். கறுப்புப் படியின் விளிம்பு எங்கே முடிந்து அடுத்த கறுப்புப் படி எங்கே தொடங்குகிறது என்று உங்களுக்குத் தெரிகிறது. அவருக்கு அது ஒரே கறுப்புச் சறுக்கு. பழைய வீட்டுப் படியை அவர் கண்ணால் இறங்கவில்லை, கால் மனப்பாடமாக இறங்கியது.

ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு அங்குல அகலத்துக்கு மஞ்சள் பட்டை ஒட்டுங்கள், சொரசொரப்பானதாகவே கிடைக்கும். ஃப்ளாட் சங்கத்தில் ‘அழகு கெடுகிறது’ என்பார்கள், விடாதீர்கள். மாடியிலும் கீழேயும் சுவிட்ச் இருக்கும்படி ஒரு லைட். வெயிலிலிருந்து உள்ளே வந்தால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்கட்டும். இருட்டுக்குக் கண் பழக அவருக்கு உங்களைவிட நேரம் வேண்டும்.

கண்ணாடியையும் பாருங்கள். மேலே தூரம், கீழே வாசிப்பு என்று இரண்டும் சேர்ந்த கண்ணாடியா? குனிந்து படியைப் பார்க்கும்போது அவர் கீழ்ப்பாதி வழியாகப் பார்க்கிறார். அது கைக்கெட்டும் தூரத்துக்கான லென்ஸ், பாதத்துக்கு இல்லை. படியிறங்கவும் வெளியே நடக்கவும் தூரப் பார்வைக்கு மட்டுமான கண்ணாடி ஒன்று தனியாக இருந்தால் நல்லது.

இன்னொன்று, சோற்றைச் சிந்துகிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறும் மோரும். இலையில் போட்டுப் பாருங்கள்.

அப்பாவுக்கு ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்தது. வெள்ளைச் சுவரை நீலம் என்கிறார். ரோட்டைக் கடக்கும்போது பைக் எவ்வளவு தூரத்தில் போகிறது என்று கணிக்க முடியவில்லை என்கிறார். மூளையில் ஏதாவது கோளாறா? — நாகர்கோவில் வாசகி

உங்கள் அப்பாவுக்கும் எனக்கும் இப்போது ஒரே நிலைமை, அதனால் நீட்டித்தான் சொல்லப்போகிறேன்.

கட்டுப் பிரித்த மறுநாள் காலை, கொடியில் காய்ந்த எங்கள் வீட்டுக்காரர் வேட்டியை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். புதுக்கண்ணில் நீலம் போட்டு வெளுத்த வேட்டி. பழைய கண்ணில் டீ வடிகட்டின துணி. பத்துப் பதினைந்து வருஷமாக நான் அந்த டீக்கறை நிறத்தைத்தான் வெள்ளை என்று நினைத்து, அவர் வேட்டி வெளுப்பைப் பாராட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். மஞ்சளடித்த லென்ஸ் நீலத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அதை எடுத்ததும் இத்தனை நாள் வராத நீலம் வந்து கொட்டுகிறது. பிரெஞ்சு ஓவியர் மோனே 1923-இல் வலது கண்ணில் புரை எடுத்துக்கொண்ட பிறகு இதே கதைதான், எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று குறைபட்டார். நாளாக ஆக மூளை சரிக்கட்டிக்கொள்ளும்.

இனி அந்த பைக். திண்டுக்கல்காரருக்குச் சொன்னதை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள்: வெளிச்சம் குறைந்த கண் தாமதமாகச் சொல்லும். உங்கள் அப்பாவுக்கு ஒரு கண் பளிச்சென்று உடனே சொல்கிறது, மற்றது நூறில் ஒரு நொடி பிந்திச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அசையாத பொருளுக்கு இதனால் ஒன்றுமில்லை. குறுக்கே ஓடும் பொருளுக்கு? 40-இல் போகும் பைக் அந்த நூறில் ஒரு நொடியில் 11 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. ஒரு கண் பைக்கை ஓர் இடத்தில் காட்டுகிறது, இன்னொரு கண் 11 சென்டிமீட்டர் பின்னால் காட்டுகிறது. இரண்டு கண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை தூரத்தைக் கணிக்கிறது. பாவம், அது இந்த வித்தியாசத்தையும் தூரக் கணக்கில் சேர்த்துவிடுகிறது.

வீட்டில் செய்து பாருங்கள். ஓர் எலுமிச்சம்பழத்தை ஒரு முழம் நூலில் கட்டி விட்டத்திலோ கதவு நிலையிலோ தொங்கவிட்டு, இடமும் வலமுமாக நேர்கோட்டில் ஆட்டிவிடுங்கள். ஐந்தாறு அடி தள்ளி நின்று, கூலிங் கிளாஸின் ஒரு கண்ணாடியை மட்டும் வலது கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, இரண்டு கண்ணையும் திறந்து பாருங்கள். பழம் வட்டமடிக்கும்! வலப்பக்கம் போகும்போது உங்களை நெருங்கி வரும், இடப்பக்கம் திரும்பும்போது விலகிப் போகும். கண்ணாடியை இடது கண்ணுக்கு மாற்றுங்கள், சுற்றும் திசை மாறிவிடும். புல்ஃப்ரிஷ் என்ற ஜெர்மானியர் 1922-இல் இதை விளக்கி எழுதினார், இன்றைக்கும் அவர் பேரில்தான் வழங்குகிறது. அவருக்கு ஒரு கண்ணில் பார்வை கிடையாது. அந்த விந்தையை அவரால் பார்க்கவே முடியாது, மற்றவர்கள் சொன்னதை வைத்து விளக்கினார்.

எனக்குக் கூலிங் கிளாஸே தேவைப்படவில்லை. வெறும் கண்ணாலேயே எலுமிச்சம்பழம் சுற்றியது. வலது கண்ணில் புரை இருக்கிறதே!

அதன் பிறகுதான் போன வாரம் நடந்தது எனக்குப் புரிந்தது. மார்க்கெட் வாசலில் ரோட்டோரம் நிற்கிறேன். நம் ஊரில் நமக்குப் பக்கத்து வரிசை வண்டிகள் வலமிருந்து இடமாகத்தான் நம்மைக் கடக்கும். மங்கின வலது கண்காரிக்கு, இடப்பக்கம் போகும் பொருள் இருப்பதைவிடத் தள்ளித் தெரியும். என் கணக்கில் எட்டிப் போக வேண்டிய பைக் சேலைத் தலைப்பை உரசிக்கொண்டு போனது. அவனைத் திட்டினேன். திட்டியிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. அவன் பாட்டுக்கு அவன் வழியில்தான் போயிருக்கிறான்.

அப்பாவுக்கு எந்தக் கண் பாக்கி என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் இரண்டாவது கண் முடியும்வரை ரோட்டைத் தனியாகக் கடக்க வேண்டாம், வண்டி ஓட்ட வேண்டாம். ஓடும் வண்டியின் தூரம் பிடிபடவில்லை என்று டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். ஆனால் ஆபரேஷன் செய்த கண்ணில் வலி, சிவப்பு, பார்வை திடீரென்று குறைவது, மின்னல் வெட்டுவது, கொசு பறப்பதுபோல் புள்ளிகள் குவிவது, திரை விழுந்த மாதிரி நிழல் இவற்றில் எது வந்தாலும் என் பதிலைப் படித்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வல்லாரை, கேரட், குறுக்கெழுத்து: இதில் எது ரிஃப்ளெக்ஸைத் திருப்பிக் கொண்டுவரும்? — வேலூர் வாசகர்

முதலில் ரிஃப்ளெக்ஸ் உங்களை விட்டு எங்கும் போகவில்லை. சூடு பட்டால் கையை இழுக்கிறீர்களே, அது முதுகுத்தண்டு பார்த்துக்கொள்ளும் வேலை. நீங்கள் கேட்பது மூளை யோசித்துச் செய்யும் எதிர்வினை. கேரட் ‘வைட்டமின் ஏ’ குறைவாக உள்ளவருக்குத்தான் பார்வையில் உதவும், மற்றவருக்கு அது பொரியல். வல்லாரைத் துவையல் எனக்குப் பிடிக்கும், அதற்கு மேல் அதற்குச் சான்றிதழ் கொடுக்க மாட்டேன். குறுக்கெழுத்து போட்டால் குறுக்கெழுத்து நன்றாக வரும்.

அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட 2,802 பேரை வைத்து நடந்த ஒரு பெரிய பரிசோதனையில், திரையின் நடுவையும் ஓரத்தையும் ஒரே பார்வையில் பிடிக்கும் பயிற்சியைப் பெற்றவர்கள், பிறகு தாங்கள் காரணமாக இருந்த வாகன விபத்துகளில், பயிற்சி பெறாதவர்களோடு ஒப்பிட்டால் பாதியளவுதான் சிக்கினார்கள். அதைச் செய்ய நம் பக்கத்தில் வசதி குறைவு. நடங்கள், சர்க்கரையையும் பிரஷரையும் பாருங்கள், ராத்திரி தூங்குங்கள். தூக்கம் கெட்டால் இருபது வயதுக்காரனுக்கே கை பிந்தும். தூங்கவைக்கும் சளி மருந்து போட்டுக்கொண்டு வண்டியை எடுக்காதீர்கள்.

மேடம், ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, நீங்கள் இன்னும் ஸ்கூட்டர் ஓட்டுகிறீர்களா? — மதுரை, என் பழைய மாணவி ஒருத்தி

கையெழுத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன், உன் ரெக்கார்ட் நோட்டை இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஓட்டவில்லை. எலுமிச்சம்பழம் சுற்றின அன்றைக்குச் சாவியை சாமி படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டினேன், யாரும் பிடுங்கவில்லை. அடுத்த மாதம் வலது கண் முடிந்து, டாக்டர் சரியென்ற பிறகு அதே எலுமிச்சம்பழத்தைக் கட்டி ஆட்டிப் பார்ப்பேன். நேராக ஆடினால் காலை ஆறரைக்கு மேல், சாயங்காலம் ஐந்தரைக்குள், முப்பதுக்கு மிகாமல். அதுவரை ஷேர் ஆட்டோ. ஏறும் படி கறுப்பு, அதன் தரையும் கறுப்பு. நேற்று டிரைவர் தம்பியிடம் மஞ்சள் டேப் ஒரு சுருள் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் ஒட்டவில்லை.